குடும்ப வன்முறை: சமாதானம் பேசமுன் நாம் அறிய வேண்டியவை

எம்மவர் மத்தியில் ஒரு குடும்பத்தில் பிணக்கு ஏற்பட்டால் அதனைத் தீர்த்து வைப்பதற்குக் காலங்காலமாக ஒரு வழக்கம் இருந்து வருகின்றது. ஊரில் மதிப்புள்ள ஒருவர் இரு பகுதியினரையும் அழைத்து இருத்திக் கதைப்பார். காணி எல்லைப் பிரச்சினை, சீதனத்தால் வந்த மனத்தாங்கல், சகோதரரிடையே பேச்சுவார்த்தை இல்லாத நிலை என்று பலவும் இவ்வாறே தீர்ந்தன. இங்கிலாந்துக்குப் புலம்பெயர்ந்து வந்த பின்னரும் நாம் இவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. கோயிலுக்கு வரும் குடும்பங்களில் ஏதாவது குழப்பம் என்றால், மூத்தவர்களிடம் வந்து "நீங்கள் ஒருக்கால் இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கதையுங்கோ" என்று கேட்பது இன்றும் நடக்கின்றது.

நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் காரியம் இது. எனினும் ஒரு வகைப் பிரச்சினைக்கு இது பொருந்தாது. பொருந்தாதது மட்டுமன்றி, உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். வீட்டில் ஒருவர் மற்றவரை அடித்தோ, அச்சுறுத்தியோ, அடக்கியோ வைத்திருக்கும் நிலைதான் அது. இவ்விதழில் அதனைப் பற்றியும், பாதிக்கப்பட்டோருக்கு இந்நாட்டில் உள்ள உதவிகள், உளவளத்துணை என்பவற்றைப் பற்றியும் ஒழுங்காகப் படிப்போம். இங்கே கூறப்படும் சட்டங்கள் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்குரியவை. ஸ்கொட்லாந்தில் வாழும் அன்பர்களுக்குச் சில விடயங்கள் வேறுபடும்.

பிணக்கு வேறு, வன்முறை வேறு

கணவன் மனைவி இருவரும் சண்டை பிடிப்பது எல்லா வீட்டிலும் உண்டு. அங்கே இருவரும் குரல் உயர்த்துவர், இருவரும் கோபிப்பர், பின்னர் இருவரும் ஆறுவர். ஒருவருக்கு மற்றவர் மீது பயம் இருக்காது. வன்முறை உள்ள வீட்டில் ஒருவர் எப்போதும் மற்றவரின் முகத்தைப் பார்த்தபடியே வாழ்கிறார். கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் நெஞ்சு படபடக்கிறது. என்ன கதைத்தால் கோபம் வரும், எந்தக் கறி வைத்தால் தட்டு பறக்கும் என்று கணக்குப் பார்த்தே நாள் கழிகிறது. ஆகவே நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி "யாரில் பிழை?" என்பதன்று. "இவ்வீட்டில் யாருக்கு யாரைக் கண்டால் பயம்?" என்பதே.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள டுலூத் நகரில் 1980களின் தொடக்கத்தில் அடிபட்ட பெண்களோடு பேசிப் பணியாற்றியவர்கள், அவர்கள் கூறியவற்றைத் திரட்டி ஒரு சக்கரமாக வரைந்தனர். அச்சக்கரத்தின் நடுவில் 'அதிகாரமும் கட்டுப்பாடும்' என்று எழுதப்பட்டது. அச்சுறுத்தல், இழிவுபடுத்தல், தனிமைப்படுத்தல், பணத்தைப் பிடித்து வைத்தல், பிள்ளைகளைக் கருவியாக்கல் என்பன ஆரங்களாக அமைந்தன. அடி உதை வெளிச்சுற்றில் இருந்தது. அதாவது அடி எப்போதாவது ஒருநாள் விழலாம். மற்றவை நாளாந்தம் நடக்கின்றன. விழுந்த ஒரு அடியின் நினைவே மற்றவற்றுக்கெல்லாம் பலம் கொடுக்கின்றது.

இந்நாட்டுச் சட்டமும் இப்பார்வைக்கு வந்துவிட்டது. 2015ஆம் ஆண்டின் பாரதூரமான குற்றங்கள் சட்டம், நெருங்கிய உறவில் ஒருவரைத் தொடர்ந்து கட்டுப்படுத்தி அடக்கி வைத்தலை ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 2021ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், உடலைத் தாக்குதல், பாலியல் வன்முறை, அச்சுறுத்தல், அடக்கி வைத்தல், பொருளாதாரத் துன்புறுத்தல், மனத்தைத் துன்புறுத்தல் யாவற்றையும் ஒரே வரைவிலக்கணத்துள் கொண்டு வந்தது. கணவன் மனைவி மட்டுமன்றி 16 வயதும் அதற்கு மேலும் உள்ள உறவினர்களும் இதில் அடங்குவர். மாமி மருமகளைத் துன்புறுத்துவதும், மகன் வயோதிபத் தாயின் ஓய்வூதியத்தைப் பறித்து அவரை வெருட்டுவதும் இதற்குள் வரும். மனைவியின் சம்மதமின்றி உறவு கொள்வதும் குற்றமே என்பதை உயர் நீதிமன்றமாக அப்போது விளங்கிய பிரபுக்கள் சபை 1991இலேயே தீர்ப்பாகக் கூறிவிட்டது.

எமது வீடுகளில் இவை எவ்வாறு தோன்றும்? மனைவியின் சம்பளம் கணவனின் கணக்கில் மட்டும் விழும். கடவுச்சீட்டு அலுமாரியில் பூட்டியிருக்கும். ஊரில் உள்ள தாயோடு கதைக்கும்போது தொலைபேசி ஒலிபெருக்கியில் இருக்க வேண்டும். அவள் பெயரில் கடன் எடுக்கப்படும், அவளது நகை அடகுக்குப் போகும். "விசாவை நிற்பாட்டி உன்னைத் திருப்பி அனுப்பிப் போடுவன்" என்ற சொல் மாதத்துக்கு ஒருமுறை வரும். இவற்றில் எதுவும் உடலில் தழும்பு விடாது. ஆயினும் இவை யாவும் வன்முறையே.

"இது வெள்ளைக்காரரின் சட்டம், எமது பண்பாட்டுக்கு ஒத்து வராது" என்று சொல்வோர் உளர். இலங்கைப் பாராளுமன்றம் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டமாகக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. இந்தியாவும் அதே ஆண்டில் பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தை இயற்றியது. ஊரிலேயே பிழை என்று கொள்ளப்பட்டதை இங்கே நாம் பண்பாடு என்று காக்க வேண்டியதில்லை.

குடியும் போரும் காரணமாகுமா?

குடித்துவிட்டு அடிக்கிறார், குடியை விட்டால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகின்றனர். குடி வன்முறையைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் அதே மனிதர் குடித்துவிட்டு வேலைத்தலத்தில் தம் முதலாளியை அடிப்பதில்லை. யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக் கூடாது என்ற தெளிவு அவரிடம் இருக்கின்றது. குடிக்கு வைத்தியம் தேவை. வன்முறைக்கு வேறாகவும் வேலை செய்ய வேண்டும்.

அதேபோல் எம்மவரில் பலர் போரையும் சிறையையும் சித்திரவதையையும் கண்டு வந்தவர்கள். இரவில் நித்திரை இல்லை, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுகின்றனர். அவர்களுக்கு உதவி அவசியம். ஆயினும் அதே போரைக் கண்டு வந்த எத்தனையோ பேர் தம் மனைவி பிள்ளைகளைத் தொடுவதில்லை. துன்பம் ஒருவரின் நடத்தையை விளங்கிக்கொள்ள உதவும். அடிப்பதற்கு அது அனுமதிச்சீட்டு ஆகாது.

ஒரு வழக்குத் தந்த பாடம்

1989ஆம் ஆண்டில் இந்நாட்டில் நடந்த ஒரு சம்பவத்தை மூத்த வாசகர்கள் நினைவில் வைத்திருப்பர். கிரண்ஜித் அலுவாலியா என்ற பஞ்சாபிப் பெண் மணமாகிப் பத்து ஆண்டுகள் கணவனிடம் அடிபட்டு வாழ்ந்தவர். இரண்டு ஆண்பிள்ளைகளின் தாய். நீதிமன்றத்தில் தடைக் கட்டளையும் இருமுறை பெற்றவர். குடும்பத்தாரிடம் சொன்னபோதெல்லாம் குடும்ப மானம் காக்கும்படியே அவருக்குப் புத்தி கூறப்பட்டது. இறுதியில் ஓரிரவில், கணவன் உறங்கும் வேளையில் தீ வைத்தார், கணவன் இறந்தார். கொலைக் குற்றத்துக்கு ஆயுட்சிறை விதிக்கப்பட்டது. 1979இல் தொடங்கப்பட்ட சவுத்தோல் பிளாக் சிஸ்டர்ஸ் என்ற பெண்கள் அமைப்பு அவருக்காகப் போராடியது. 1992இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கொலைத் தீர்ப்பை நீக்கியது. அதன்பின் மனநிலை பாதிப்பினால் விளைந்த, கொலையென்று கொள்ளப்படாத மரணம் என ஏற்கப்பட்டு, ஏற்கனவே சிறையில் இருந்த காலமே போதுமென அவர் விடுதலையானார்.

ஒரு மனிதர் இறந்தார். ஒரு தாய் மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்தார். இரு பிள்ளைகள் தகப்பனையும் இழந்து தாயையும் பிரிந்தனர். மானம் காக்கச் சொன்னவர்களால் இறுதியில் எதனைக் காக்க முடிந்தது? உதவி கேட்டு வந்த நாளிலேயே சரியான கதவு திறந்திருந்தால் நால்வருக்கும் வேறு வாழ்வு அமைந்திருக்கும். இவ்வழக்கு எமது சமூகத்துக்கும் உரிய பாடமே.

இருவரையும் ஒன்றாக இருத்துவதில் உள்ள ஆபத்து

வன்முறை உள்ள வீட்டாரை ஒன்றாக இருத்திப் பேசும்போது நடப்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். அடிபட்டவர், அடித்தவரின் முன்னிலையில் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் வீடு போனதும் அதற்குரிய விலை கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் "ஒன்றுமில்லை, சின்ன விடயம்" என்று பெரியவர்கள் முடிவு கட்டுவர். அடித்தவரோ வெளியில் பெரும்பாலும் அமைதியானவர், உபகாரி, திருவிழாவில் முன்னின்று உழைப்பவர். நடுவர்கள் "இரண்டு பேரும் விட்டுக்கொடுத்துப் போங்கோ" என்கின்றனர். அடிப்பவர் எதை விட்டுக்கொடுப்பார்? அடிபடுபவர் இன்னும் எதை விட்டுக்கொடுப்பார்?

இந்நாட்டு நீதித்துறையும் இதனை உணர்ந்திருக்கின்றது. மணமுறிவுக்குப் பின் பிள்ளைகள், சொத்து பற்றி வழக்கிடுமுன் நடுவர் ஒருவரைச் சந்தித்து இணக்க வழி உண்டா என்று அறியும் கூட்டத்துக்குச் செல்ல வேண்டும் என்பது 2014 முதல் சட்டமாக உள்ளது. ஆனால் குடும்ப வன்முறைக்குச் சான்று இருப்பின் அக்கூட்டத்துக்குச் செல்ல வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற நடுவர்களிடமே கட்டாயம் அனுப்பக் கூடாது என்று சட்டம் கருதும் ஒருவரை, பயிற்சியில்லாத நாம் மண்டபத்தில் இருத்திச் சமாதானம் பேசலாகாது. தம்பதியர் இருவரும் சேர்ந்து செல்லும் உளவளத்துணைக்கும் இதே விதி பொருந்தும். வன்முறை நின்று, பயம் நீங்கிய பின்னரே அதனை எண்ணிப் பார்க்கலாம்.

மறுபுறத்தில் "உடனே விட்டிட்டு வா" என்று அவசரப்படுத்துவதும் ஆபத்தானது. பிரியும் வேளையும் பிரிந்த பின்வரும் மாதங்களுமே பெரும் தாக்குதல்கள் நிகழக்கூடிய காலம் என்பது இத்துறையில் பணிபுரிவோர் நன்கு அறிந்த உண்மை. ஆகவே வெளியேறுவதற்கும் திட்டம் வேண்டும். எப்போது, எப்படி என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் பாதிக்கப்பட்டவரே.

உதவி தொடங்கும் இடம்

உயிராபத்து உள்ள வேளையில் 999 ஐ அழைக்க வேண்டும். கைத்தொலைபேசியில் அழைத்துப் பேச முடியாவிட்டால், கேட்கும்போது 55 ஐ அழுத்தினால் அழைப்பு பொலிசாருக்கு மாற்றப்படும்.

உடனடி ஆபத்தில்லாத வேளையில் பெண்கள் அழைக்க வேண்டிய எண் 0808 2000 247. இது 24 மணி நேரமும் இயங்கும் இலவச தேசிய உதவித் தொலைபேசி. ரெஃபியூஜ் என்ற தொண்டு நிறுவனம் இதனை நடத்துகின்றது. 1971இல் மேற்கு லண்டனில் சிசிக் என்ற இடத்தில் அடிபட்ட பெண்களுக்கென்று திறக்கப்பட்ட சிறிய வீட்டில் இருந்து வளர்ந்ததே இந்நிறுவனம். ஆங்கிலம் தெரியாவிடின் "தமிழ்" என்று மட்டும் சொன்னால் போதும். மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இணைத்துக் கொள்வர். ஆண்களும் பாதிக்கப்படுவதுண்டு. வெட்கத்தினால் அவர்கள் சொல்வதில்லை. அவர்களுக்குரிய எண் 0808 801 0327. பிள்ளைகள் தாமாகவே அழைத்துப் பேச 0800 1111 உண்டு.

அழைத்தால் என்ன நடக்கும் என்ற பயமே பலரைத் தடுக்கின்றது. அழைத்தவரின் கதையைக் கேட்பர். இப்போது பாதுகாப்பாக இருக்கிறாரா என்று கேட்பர். என்ன வழிகள் உள்ளன என்று கூறுவர். பெயர் சொல்லாமலும் பேசலாம். வீட்டை விட்டு வரும்படி கட்டாயப்படுத்த மாட்டார்கள். ஆபத்து அதிகம் என்று கண்டால் சுயாதீன ஆலோசகர் ஒருவரிடம் அனுப்புவர். அவர் பொலிஸ், வீடமைப்பு, நீதிமன்றம், பாடசாலை எல்லாவற்றோடும் பாதிக்கப்பட்டவர் சார்பில் பேசி ஒழுங்கு செய்வார். மிகுந்த ஆபத்தில் இருப்போரைப் பற்றிப் பொலிசாரும் வைத்தியத் துறையினரும் சமூக சேவையினரும் ஒரே மேசையில் இருந்து திட்டமிடும் முறை 2003இல் கார்டிஃபில் தொடங்கி இப்போது நாடெங்கும் நடக்கின்றது.

குடும்ப வைத்தியரும் நல்ல வாசல். தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம். மொழிபெயர்க்கப் பிள்ளையையோ உறவினரையோ கூட்டிச் செல்லாது, வெளி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். வந்தவர் தெரிந்த குடும்பத்தவராக இருப்பின் வேறொருவரைக் கேட்கவும் உரிமை உண்டு. வைத்தியரின் குறிப்பு பின்னர் நீதிமன்றத்திலும் விசா விடயத்திலும் சான்றாக உதவும்.

வெளியேற எண்ணுவோர் கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ்கள், திருமணப் பதிவு, வங்கி விபரம், மருந்துகள், ஒரு சாவி என்பவற்றை அல்லது அவற்றின் பிரதிகளை நம்பிக்கையானவரிடம் வைக்கலாம். பிளாஸ்டிக் வதிவிட அட்டைகள் 2024 இறுதியோடு காலாவதியாகி, விசா விபரம் இணையக் கணக்கில் வைக்கப்படுகின்றது. அக்கணக்கு கணவனின் மின்னஞ்சலிலோ தொலைபேசி எண்ணிலோ இருந்தால் அதனை ஆலோசகரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். கைத்தொலைபேசி இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதையும் மறக்கலாகாது.

புகலிடமும் நீதிமன்றமும்

புகலிடம் என்பது முகவரி வெளியிடப்படாத வீடு. பெரும்பாலும் வேறு ஊரில் இடம் தருவர். தாய்க்கும் பிள்ளைகளுக்கும் ஓர் அறை கிடைக்கும்; சமையலறை பொதுவாக இருக்கலாம். பணியாளர் பாடசாலை, பணக் கொடுப்பனவு, சட்டத்தரணி எல்லாவற்றுக்கும் உதவுவர். ஆசியப் பெண்களுக்கென்றே உள்ள புகலிடங்களும் உண்டு. சில இடங்களில் வளர்ந்த ஆண்பிள்ளைகளுக்கு வயதெல்லை உள்ளதால் முன்னரே கேட்டறிய வேண்டும். புகலிடம் கிடையாவிட்டால் எந்த உள்ளூராட்சிச் சபையிலும் வீடற்றவராகப் பதியலாம். 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின், குடும்ப வன்முறையினால் வீடிழந்து உதவிக்குத் தகுதி பெறுவோர் முன்னுரிமை பெறுவர்.

எல்லோரும் வீட்டை விட்டு வர வேண்டும் என்பதும் இல்லை. 1996ஆம் ஆண்டின் குடும்பச் சட்டத்தின் கீழ், அருகில் வரவோ வெருட்டவோ கூடாது என்ற தடைக் கட்டளையும், வீட்டில் யார் வசிக்கலாம் என்ற கட்டளையும் பெறலாம். தடைக் கட்டளைக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. அவசரமாயின் மற்றவருக்கு அறிவிக்காமலே பெறலாம். 2007இலிருந்து அக்கட்டளையை மீறுவது ஐந்து ஆண்டுகள் வரை தண்டிக்கக்கூடிய குற்றமாக உள்ளது.

விசாப் பயம்

ஊரில் இருந்து மணமாகி வந்த பெண்களை வாய் மூட வைப்பது இப்பயமே. வதிவிட அனுமதியுள்ள ஒருவரின் அல்லது பிரித்தானியப் பிரசையின் துணைவர் விசாவில் வந்தவர், வன்முறையினால் உறவு முறிந்தால் தம் சொந்தப் பெயரில் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். இவ்விதி 2002இலிருந்து குடிவரவு விதிகளில் உண்டு. கையில் பணமில்லாதவர் அவ்விண்ணப்பம் செய்யும் வரை மூன்று மாத அனுமதியும் அரச கொடுப்பனவும் பெறும் சலுகை 2012இல் வந்தது. 2024 பெப்ரவரி முதல் மாணவர், தொழிலாளர் ஆகியோரின் துணைவராக வந்தோரும் அக்குறுகிய காலச் சலுகையைக் கேட்கலாம். ஆனால் அவர்களுக்கு நிரந்தர வதிவிடம் இவ்வழியால் கிடையாது. ஆகவே விண்ணப்பிக்குமுன் தகுதியுள்ள குடிவரவுச் சட்டத்தரணியைக் கட்டாயம் கேட்க வேண்டும். "விசாவை நிற்பாட்டிப் போடுவன்" என்பவர் உள்துறை அமைச்சு அல்லர் என்பதை எமது பெண்கள் அறிந்திருக்க வேண்டும்.

பிள்ளைகள்

"பிள்ளைகளுக்காகத்தான் பொறுத்திருக்கிறன்" என்று பல தாய்மார் சொல்வர். பிள்ளைகள் மேல்மாடியில் நித்திரை என்று நாம் நினைக்கும்போது அவர்கள் படிக்கட்டில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பர். வயிற்றுவலி, படுக்கையில் சிறுநீர், பாடத்தில் பின்னடைவு, தம்பி தங்கையை அடித்தல் என்று அது வெளிப்படும். வீட்டில் நடக்கும் வன்முறையைப் பார்க்கும், கேட்கும் பிள்ளையும் பாதிக்கப்பட்டவரே என்று 2021ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. பொலிசார் ஒரு வீட்டுக்கு அழைக்கப்பட்டால் பாடசாலைக்கும் அறிவிப்பர். ஆசிரியர் பிள்ளையை ஆதரவோடு கவனிப்பதற்கே அது.

"சொன்னால் சோஷல் சேர்விஸ் பிள்ளைகளைக் கொண்டு போய்விடும்" என்ற கதை எம்மவரிடம் பெரிதாக உலாவுகின்றது. பிள்ளைக்குப் பாதுகாப்பு உண்டா என்பதே அவர்கள் பார்ப்பது. பிள்ளையைப் பாதுகாக்க உதவி தேடும் தாய் அவர்கள் பார்வையில் நம்பிக்கைக்குரியவர்.

உளவளத்துணை என்ன செய்யும்?

எம்மவரில் சிலர் உளவளத்துணை என்றதும் பைத்தியத்துக்கு வைத்தியம் என்று எண்ணுவர். வேறு சிலர் புத்திமதி சொல்வது என்று எண்ணுவர். இரண்டும் அன்று. பயிற்சி பெற்ற ஒருவர், தீர்ப்புக் கூறாது கேட்டு, பாதிக்கப்பட்டவர் தம் எண்ணத்தையும் பலத்தையும் மீண்டும் கண்டெடுக்கத் துணை நிற்பதே அது. வழமையாக வாரத்துக்கு ஒருமுறை, ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவான நேரம் நடக்கும். பேசியவை வெளியே போகா. பிள்ளைக்கோ உயிருக்கோ ஆபத்து உள்ளபோது மட்டும் பிறருக்குச் சொல்ல வேண்டிய கடமை உண்டு. அதனைத் தொடக்கத்திலேயே விளக்குவர்.

அமெரிக்க உளவைத்தியர் ஜூடித் ஹேர்மன் 1992இல் வெளியிட்ட நூல், இவ்வாறு காயப்பட்டோர் தேறும் வழியை மூன்று படிகளாக விளக்கியது. முதற்படி பாதுகாப்பு: உடலுக்கும், உறைவிடத்துக்கும், நித்திரைக்கும். இரண்டாம் படி நடந்ததை நினைத்து, சொல்லி, இழந்ததற்காக அழுவது. மூன்றாம் படி மீண்டும் மனிதரோடும் வாழ்வோடும் இணைவது. இவ்வொழுங்கு முக்கியமானது. இன்னமும் அடிபட்டுக்கொண்டிருக்கும் ஒருவரிடம் "மறந்து மன்னித்துவிடு" என்பது, முதற்படியில் கால் வைக்காதவரை மூன்றாம் படிக்கு இழுப்பதாகும்.

கெட்ட கனவு, திடுக்கிடல், நினைவு திரும்பத் திரும்ப வருதல் என்பன நீங்காவிடில் குடும்ப வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அதற்கென்று பயனறிந்த சிகிச்சை முறைகள் தேசிய சுகாதார சேவையில் உண்டு. இங்கிலாந்தில் மனச்சோர்வு, பதற்றம் என்பவற்றுக்கான பேச்சுச் சிகிச்சைக்கு வைத்தியரின் கடிதமின்றித் தாமாகவே பதியலாம். குழுவாகக் கூடும் வகுப்புகளும் உள்ளன. முன்னாள் நன்னடத்தை அதிகாரியான பற் கிறேவன் 1999இல் உருவாக்கிய 'ஃபிரீடம் புரோகிராம்' அவற்றுள் பலரும் அறிந்தது. பல வாரங்கள் பெண்கள் கூடி, அடக்குபவர் கையாளும் உத்திகளை ஒவ்வொன்றாகக் கற்பர். "எனக்கு மட்டுந்தான் இப்படி" என்ற எண்ணம் அங்கே உடைகிறது.

அடிப்பவருக்கும் வழி உண்டு. தம் நடத்தையை மாற்ற விரும்புவோர் 0808 802 4040 என்ற எண்ணை அழைக்கலாம். அங்கிருந்து பல மாதங்கள் நீளும் குழுப் பயிற்சிகளுக்கு அனுப்புவர். கோபத்தை அடக்கும் வகுப்பு மட்டும் போதாது. அதிகாரம் செலுத்தும் எண்ணமே மாற வேண்டும். பயிற்சிக்குச் சேர்ந்தார் என்பதற்காக உடனே நம்பி வீடு திரும்ப வேண்டியதும் இல்லை.

நாம் செய்யக்கூடியவை

கோயிலில் ஒரு பிள்ளை எம்மிடம் வந்து மெதுவாகச் சொன்னால் என்ன பதில் கூறுவது? "பொறுத்துப் போ பிள்ளை, ஆம்பிளையள் எண்டால் அப்பிடித்தான்" என்பது வேண்டாம். "நீ என்ன செய்தனி?" என்றும் கேட்க வேண்டாம். "பிள்ளை, நீ சொல்லுறதை நான் நம்புறன். இது உன்ர பிழை இல்லை. இண்டைக்கு வீட்டை போக உனக்குப் பயமோ? நான் என்ன செய்தால் உனக்கு உதவியாய் இருக்கும்?" என்று கேளுங்கள். இவ்வளவும் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

அவர் சொன்னதை அவரது கணவரிடமோ மாமியிடமோ போய் விசாரிக்கலாகாது. மற்றவர்களிடம் கதைக்கவும் கூடாது. அன்னதான வரிசையில் சொல்லப்பட்ட ஒரு சொல் அன்று இரவே அவ்வீட்டை அடையும். கோயில் தொலைபேசியைத் தனியறையில் பாவிக்க விடுவது, பிள்ளைகளைச் சிறிது நேரம் பார்ப்பது, சட்டத்தரணியிடம் கூடச் செல்வது, ஆவணங்களைப் பத்திரமாக வைத்திருப்பது ஆகியன நாம் செய்யக்கூடிய பேருதவிகள். பிரிந்து வாழும் பெண் மீண்டும் கோயிலுக்கு வரும்போது பழையபடி குங்குமமும் பூவும் கொடுத்து முகமலர்ந்து வரவேற்பதும் அதில் ஒன்று. அவரைத் தேடி வருவோருக்கு அவர் வந்த நாளையோ நேரத்தையோ சொல்லாதிருப்பதும் எமது கடமையே.

இல்லத்திலும் பெண்கள் வட்டத்திலும் கலந்துரையாட

1. நாம் அறிந்த வீடுகளில் பிணக்கையும் வன்முறையையும் எந்த அடையாளத்தால் பிரித்தறிவோம்?

2. பெரியவர்கள் சமாதானம் பேசக்கூடிய விடயங்கள் எவை, பேசக் கூடாதவை எவை?

3. எமது மகள் இவ்வாறு தொலைபேசியில் அழுதால் நாம் சொல்லும் முதல் வசனம் என்னவாக இருக்கும்?

4. எமது மகனின் வீட்டில் மருமகள் பயந்து வாழ்கிறாள் என்று தெரிந்தால் நாம் என்ன செய்வோம்?

நான்காவது கேள்வியே கடினமானது. அதனைத் தவிர்க்காமல் பேசும்படி பெற்றோரை வேண்டுகின்றோம்.

பிள்ளைகளுக்காக இப்பாடத்தின் சுருக்கம் எமது இதழின் ஆங்கிலப் பகுதியில் இடம்பெறுகின்றது. இவ்விதழை வீட்டுக்குக் கொண்டு போவது எவருக்காவது ஆபத்து என்றால் கொண்டு போக வேண்டாம். 0808 2000 247 என்ற எண்ணை மட்டும் மனனம் செய்துகொண்டு, இதழை வாசலில் உள்ள மேசையிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். ஏன் என்று எவரும் கேட்கமாட்டோம்.